அத்தியாயம் 5: தொகுதியும் எம்.எல்.ஏ.வும்

தமிழ்நாடு சட்டமன்றத்தில் 234 தொகுதிகள். முதல் எண் கும்மிடிப்பூண்டி, கடைசி எண் கிள்ளியூர். இவற்றில் ஒன்று உங்களுடையது. அதற்கு ஓர் எண் உண்டு. அதன் வாக்காளர் பட்டியலில் உங்கள் தெருவுக்கு ஒரு பாகம் எண் உண்டு. அந்தப் பாகத்தில் உங்கள் பெயருக்கு ஒரு வரிசை எண் உண்டு. இந்த மூன்றையும் தெரிந்துவைத்திருப்பவர் தேர்தலன்று வாக்குச்சாவடி வாக்குச்சாவடியாக அலைய மாட்டார்.

ஆனால் வாக்குப்பதிவு ஒரே ஒரு நாள்தான். சட்டமன்றத்தின் காலம் ஐந்து ஆண்டு. விரலில் மை வைத்துக்கொண்டு வந்ததோடு கடமை முடிந்தது என்று வாக்காளர் ஒதுங்கிவிட்டால், ஜெயித்தவரும் அப்படியே ஒதுங்கிவிட அது வசதியாகிவிடுகிறது. ஆகவே இந்த அத்தியாயம் தேர்தலுக்கு முன்பும், தேர்தலன்றும், தேர்தலுக்குப் பின்பும் நீங்கள் செய்ய வேண்டியதை வரிசையாகச் சொல்கிறது.

1. உங்கள் தொகுதி எது?

இன்றுள்ள தொகுதி எல்லைகள் 2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான மறுவரையறை ஆணையம் வகுத்தவை. 2009 மக்களவைத் தேர்தலிலும் 2011 சட்டமன்றத் தேர்தலிலும் இவை நடைமுறைக்கு வந்தன. பூங்கா நகர், புரசைவாக்கம் போன்ற பழைய தொகுதிகள் மறைந்தன. கொளத்தூர், வேளச்சேரி, சோழிங்கநல்லூர் போன்ற புதியவை பிறந்தன.

எல்லை வகுத்தபோது இருந்த ஊர் வேறு, இன்று இருக்கும் ஊர் வேறு. 2021 தேர்தலில் சோழிங்கநல்லூரில் 6 லட்சத்துக்கும் அதிகமான வாக்காளர்கள். அதே சென்னைப் பகுதியில் துறைமுகம் தொகுதியில் 2 லட்சத்துக்கும் குறைவு. இரண்டுக்கும் ஒரே ஓர் உறுப்பினர்தான், ஒரே அளவு தொகுதி நிதிதான். பழைய மகாபலிபுரம் சாலையோரம் புதிதாகக் குடியேறியவர்களின் குரல் ஏன் மெலிந்து ஒலிக்கிறது என்பதற்கு இந்தக் கணக்கும் ஒரு காரணம்.

குழப்பம் வரும் இடங்கள் மூன்று.

முதலாவது, சட்டமன்றத் தொகுதியும் மக்களவைத் தொகுதியும் வேறு வேறு. தமிழ்நாட்டில் ஆறு சட்டமன்றத் தொகுதிகள் சேர்ந்து ஒரு மக்களவைத் தொகுதி. 39 மக்களவைத் தொகுதிகளுக்கு 234 என்ற கணக்கு அப்படித்தான் வருகிறது.

இரண்டாவது, மாவட்டம், மாநகராட்சி, தொகுதி மூன்றின் எல்லைகளும் ஒன்றாகவே இருக்கும் என்பதில்லை. சோழிங்கநல்லூரில் பலர் சென்னை மாநகராட்சிக்கு வரி கட்டுகிறார்கள். ஆனால் தொகுதி செங்கல்பட்டு மாவட்டத் தேர்தல் நிர்வாகத்தின் கீழ் இருக்கிறது. எந்த ஆட்சியரிடம் போவது என்று தெரியாமல் ஒரு நாள் சம்பளத்தை இழக்காதீர்கள். வாக்காளர் பட்டியலின் முதல் பக்கத்திலேயே மாவட்டம் அச்சிடப்பட்டிருக்கும்.

மூன்றாவது, தனித் தொகுதி. 44 தொகுதிகள் பட்டியல் சாதியினருக்கும், ஏற்காடு, சேந்தமங்கலம் ஆகிய 2 தொகுதிகள் பழங்குடியினருக்கும் ஒதுக்கப்பட்டவை. அங்கே வேட்பாளர் மட்டும்தான் அந்தப் பிரிவினராக இருக்க வேண்டும். வாக்கு எல்லாருக்கும் உண்டு. உறுப்பினரும் எல்லாருக்கும் பொதுவானவரே.

2. பட்டியலில் பெயர் இருக்கிறதா?

கையில் வாக்காளர் அடையாள அட்டை இருப்பதும் பட்டியலில் பெயர் இருப்பதும் ஒன்றல்ல. அட்டை இருந்தும் பட்டியலில் பெயர் இல்லாவிட்டால் வாக்களிக்க முடியாது. பட்டியலில் பெயர் இருந்து அட்டை தொலைந்துபோயிருந்தால், ஆதார், ஓட்டுநர் உரிமம், பாஸ்போர்ட், புகைப்படம் ஒட்டிய வங்கிக் கணக்குப் புத்தகம் போன்ற, தேர்தல் ஆணையம் ஏற்கும் வேறு ஓர் ஆவணத்தைக் காட்டி வாக்களிக்கலாம். எனவே பார்க்க வேண்டியது பட்டியலை.

தேர்தல் ஆணையத்தின் வாக்காளர் இணையதளத்திலோ செயலியிலோ அடையாள அட்டை எண்ணைக் கொடுத்தால் பாகம் எண்ணும் வரிசை எண்ணும் வரும். 1950 என்ற எண்ணுக்குப் போன் செய்தும் கேட்கலாம். அதோடு நிறுத்தாமல் உங்கள் பாகத்தின் முழுப் பட்டியலையும் ஒருமுறை இறக்கிப் படியுங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் பெயர், தந்தை அல்லது கணவர் பெயர், வீட்டு எண், வயது, பாலினம் இருக்கும். இறந்துபோன பக்கத்து வீட்டுத் தாத்தாவின் பெயர் இன்னும் இருக்கலாம். நான்கு வருடமாக அதே வீட்டில் இருக்கும் எதிர்வீட்டுப் பெண்ணின் பெயர் இல்லாமல் போயிருக்கலாம். தெருக்காரர் கண்ணுக்குத் தெரிவது அலுவலகத்தில் உட்கார்ந்திருப்பவருக்குத் தெரியாது. 2025 நவம்பரில் தமிழ்நாட்டில் வீடு வீடாகப் படிவம் கொடுத்து சிறப்புத் தீவிரத் திருத்தம் தொடங்கியதற்குப் பிறகு, பட்டியலைப் பார்க்காமல் "என் பெயர் எப்போதும் இருக்கும்" என்று இருந்துவிடக் கூடாது.

எந்த வேலைக்கு எந்தப் படிவம்:

- படிவம் 6: புதிதாகப் பெயர் சேர்க்க. ஜனவரி 1, ஏப்ரல் 1, ஜூலை 1, அக்டோபர் 1 ஆகிய நான்கு நாட்களில் ஏதேனும் ஒன்றில் 18 வயது நிறைந்திருக்க வேண்டும். 17 வயது முடிந்தவர்கள் முன்கூட்டியே விண்ணப்பித்து வைக்கலாம்.
- படிவம் 7: இறந்தவர், இடம்பெயர்ந்தவர் பெயரை நீக்க, அல்லது ஒரு பெயர் சேர்ப்பதை ஆட்சேபிக்க.
- படிவம் 8: வீடு மாறினால், பெயரிலோ வயதிலோ பிழை இருந்தால், அட்டை தொலைந்தால்.

வாடகை வீடு மாறுபவர்கள் படிவம் 8 கொடுக்காமல் புது இடத்தில் படிவம் 6 கொடுத்துவிடுகிறார்கள். இரண்டு இடத்தில் பெயர் இருப்பது சட்டப்படி கூடாது; தெரிந்தே பொய் உறுதிமொழி கொடுத்தால் ஓராண்டு வரை சிறைத் தண்டனையும் உண்டு.

உங்கள் விண்ணப்பத்தை வாக்காளர் பதிவு அலுவலர் நிராகரித்தாலோ, பெயரை நீக்கினாலோ, 15 நாட்களுக்குள் மாவட்ட ஆட்சியரிடம் மேல்முறையீடு செய்யலாம். அங்கும் நியாயம் கிடைக்காவிட்டால் 30 நாட்களுக்குள் தலைமைத் தேர்தல் அதிகாரியிடம் போகலாம். வேட்புமனு தாக்கலின் கடைசி நாளுக்குப் பிறகு எந்தப் பெயரையும் சேர்க்க முடியாது. எனவே இந்த வேலை தேர்தல் அறிவிப்புக்குக் காத்திருக்கக் கூடாது.

3. வேட்பாளரைப் படிப்பது

சுவரொட்டியில் சிரிப்பவரைப் பற்றிய உண்மைத் தகவல் ஒரு பிரமாணப் பத்திரத்தில் இருக்கிறது. அதன் பெயர் படிவம் 26. நிலுவையில் உள்ள குற்ற வழக்குகள், தண்டனைகள், தன் பெயரிலும் வாழ்க்கைத் துணை, சார்ந்திருப்போர் பெயரிலும் உள்ள சொத்து, கடன், அரசுக்குச் செலுத்த வேண்டிய பாக்கி, வருமான வரிக் கணக்கில் காட்டிய ஐந்தாண்டு வருமானம், கல்வி ஆகியவற்றை வேட்பாளர் அதில் எழுதியே ஆக வேண்டும். எந்தக் கட்டத்தையும் காலியாக விடக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2013இல் சொல்லிவிட்டது. மனு தாக்கல் ஆனதும் இது ஆணையத்தின் தளத்தில் ஏற்றப்படும்.

வேட்பாளர் முன்பே எம்.எல்.ஏ.வாக இருந்தவர் என்றால் இரண்டு பத்திரங்களை எடுங்கள்: போன தேர்தலுக்குக் கொடுத்தது, இந்தத் தேர்தலுக்குக் கொடுத்தது. பக்கத்தில் பக்கம் வைத்து மூன்று வரிகளை மட்டும் ஒப்பிடுங்கள்: மொத்த அசையாச் சொத்து, ஆண்டு வருமானம், வழக்குகளின் எண்ணிக்கை. ஐந்தாண்டில் வருமானம் எவ்வளவு, சொத்து எவ்வளவு கூடியது என்று பார்த்தால், பிரசார மேடையில் யாரும் சொல்லாத ஒரு கணக்கு உங்கள் கைக்கு வரும்.

வழக்கு உள்ள வேட்பாளர் அதைப் பத்திரிகையிலும் தொலைக்காட்சியிலும் மூன்று முறை விளம்பரம் செய்ய வேண்டும். அப்படிப்பட்டவரை ஏன் நிறுத்தினோம் என்று கட்சியும் காரணம் வெளியிட வேண்டும். அந்தக் காரணத்தைத் தேடிப் படியுங்கள்.

நீங்களே நிற்க நினைத்தால்: வயது 25 நிறைந்திருக்க வேண்டும், மாநிலத்தில் ஏதாவது ஒரு தொகுதியில் வாக்காளராக இருக்க வேண்டும். அங்கீகரிக்கப்பட்ட கட்சிக்கு ஒரு முன்மொழிபவர் போதும், சுயேச்சைக்குப் பத்துப் பேர் வேண்டும். வைப்புத்தொகை 10,000 ரூபாய். பட்டியல் சாதியினர், பழங்குடியினருக்கு 5,000. செல்லும் வாக்குகளில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் வாங்காவிட்டால் அது திரும்பாது. 1996இல் மொடக்குறிச்சியில் விவசாயிகள் தங்கள் குறையை நாடறியச் செய்ய வேட்பாளர்களாக இறங்கி, மொத்தம் 1,033 பேர் களத்தில் நின்றார்கள். வாக்குச்சீட்டைப் புத்தகமாக அச்சிட வேண்டியிருந்தது. அப்போது வைப்புத்தொகை 250 ரூபாய்தான். அதன் பிறகு அதே ஆண்டில் தொகை உயர்த்தப்பட்டது.

4. பணம்

தமிழ்நாட்டுத் தொகுதிகளின் பெரிய நோய் இது. 2016இல் அரவக்குறிச்சி, தஞ்சாவூர் இரண்டு தொகுதிகளிலும் பணப் பட்டுவாடா காரணமாகத் தேர்தலே ரத்தானது. நவம்பரில்தான் மறுபடி நடந்தது. 2017 ஏப்ரலில் ஆர்.கே. நகர் இடைத்தேர்தலும் இதே காரணத்தால் நின்றுபோனது. அந்த மாதங்கள் முழுக்க அந்த மக்களுக்குச் சட்டமன்றத்தில் ஆள் இல்லை. வாங்கிய பணத்துக்கு அவர்கள் கொடுத்த உண்மையான விலை அது.

பாரதிய நியாய சன்ஹிதாவின் 170ஆவது பிரிவின்படி கொடுப்பதும் குற்றம், வாங்குவதும் குற்றம். தண்டனை ஓராண்டு வரை சிறை. பட்டுவாடாவைப் பார்த்தால் தேர்தல் ஆணையத்தின் 'சி-விஜில்' வசதியில் படமோ வீடியோவோ எடுத்து அனுப்புங்கள். பெயரைச் சொல்லாமலும் அனுப்பலாம், 100 நிமிடத்துக்குள் நடவடிக்கை என்பது ஆணையத்தின் உறுதி.

வேட்பாளரின் செலவு வரம்பு 40 லட்சம் ரூபாய். முடிவு வெளியான 30 நாளில் கணக்குத் தாக்கல் செய்யத் தவறினால் மூன்றாண்டுத் தகுதிநீக்கம் வரலாம். அந்தக் கணக்கைப் பொதுமக்களும் பார்வையிடலாம்.

வியாபாரிகளுக்கு ஒரு வார்த்தை: தேர்தல் நடத்தை விதி அமலில் இருக்கும்போது 50,000 ரூபாய்க்கு மேல் எடுத்துச் சென்றால் பறக்கும் படை கேட்கும். ஈரோட்டு ஜவுளிச் சந்தைக்குப் போனாலும் நெல் விற்றுவிட்டுத் திரும்பினாலும் பில், வங்கிச் சீட்டு, விற்பனை ரசீது ஏதாவது ஒன்று பையில் இருக்கட்டும். பறிமுதலானால் ரசீது வாங்குங்கள். பணத்தைத் திருப்பித் தர மாவட்ட அளவில் ஒரு குழு இருக்கிறது, அங்கே மேல்முறையீடு செய்யலாம்.

5. வாக்குப்பதிவு நாளில்

அன்று சம்பளத்தோடு விடுமுறை தர வேண்டியது சட்டம். 85 வயது கடந்தவர்களும், 40 சதவீதம் அல்லது அதற்கு மேல் மாற்றுத்திறன் உள்ளவர்களும் வீட்டிலிருந்தே வாக்களிக்கலாம். அதற்குப் படிவம் 12டி-யைத் தேர்தல் அறிவிக்கை வெளியான ஐந்து நாளுக்குள் கொடுக்க வேண்டும். மாலையில் நேரம் முடியும்போது வரிசையில் நிற்பவர் எல்லாருக்கும் டோக்கன் கொடுத்து வாக்களிக்க விடுவார்கள். பயந்து திரும்பிவிட வேண்டாம்.

உள்ளே போனதும் பெயர் சரிபார்ப்பு, விரலில் மை, பதிவேட்டில் கையெழுத்து. பிறகு மறைவிடத்தில் பொத்தானை அழுத்தினால் பக்கத்து இயந்திரத்தின் கண்ணாடிக்குள் ஒரு சீட்டு 7 விநாடி தெரியும். அதில் நீங்கள் அழுத்திய சின்னமே இருக்கிறதா என்று பார்த்துவிட்டு நகருங்கள்.

தகராறு வந்தால்:

- உங்கள் வாக்கை வேறொருவர் முன்பே போட்டிருந்தால் திரும்பி வராதீர்கள். 49பி விதியைச் சொல்லி 'டெண்டர் வாக்கு' கேளுங்கள். நீங்கள்தான் அந்த ஆள் என்று நிரூபித்தால் தாளில் வாக்களிக்கலாம். அது உறையில் தனியாக வைக்கப்படும்; வழக்கு வந்தால் பயன்படும்.
- சீட்டில் வேறு சின்னம் தெரிந்தால் தலைமை அலுவலரிடம் எழுத்து மூலம் புகார் கொடுக்கலாம். சோதனை வாக்கு நடத்துவார்கள். புகார் பொய் என்றால் நடவடிக்கை உண்டு என்பதையும் மனத்தில் வையுங்கள்.
- பார்வை இல்லாதவரோ தானாக வாக்களிக்க இயலாதவரோ 18 வயது நிரம்பிய ஒருவரைத் துணைக்கு அழைத்துச் செல்லலாம்.

ஒரு வாக்கு என்ன ஆகிவிடும் என்பவருக்கு: 2021இல் தியாகராய நகரில் வெற்றி வித்தியாசம் 137, மொடக்குறிச்சியில் 281. 2016இல் ராதாபுரத்தில் வெறும் 49.

ராதாபுரத்தை அரசு ஊழியர்கள் மறக்கவே கூடாது. அங்கே 203 தபால் வாக்குகள் செல்லாதவை என ஒதுக்கப்பட்டன. உறுதிமொழிப் படிவத்தில் சான்றொப்பம் இட்ட தலைமை ஆசிரியர் அதற்கு உரிய அதிகாரி அல்ல என்பது காரணம். வித்தியாசத்தைப் போல நான்கு மடங்கு வாக்குகள் ஒரு கையொப்பத்தில் சிக்கின. தோற்றவர் உயர் நீதிமன்றம் போனார். 2019 அக்டோபரில் மறுஎண்ணிக்கைக்கு உத்தரவு வந்து எண்ணியும் முடித்தார்கள். முடிவை அறிவிக்க உச்ச நீதிமன்றம் தடை விதித்தது. 2021இல் சட்டமன்றத்தின் காலமே முடிந்துவிட்டது. தபால் வாக்கு போடுபவர்கள் படிவம் 13ஏ-யில் யார் சான்றொப்பம் இடலாம் என்பதைப் பயிற்சி வகுப்பிலேயே கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள். முடிவை எதிர்த்து வழக்குப் போட நினைப்பவருக்கு 45 நாள் மட்டுமே அவகாசம்.

6. எம்.எல்.ஏ.விடம் எதைக் கேட்பது?

தெருவிளக்கும் சாக்கடையும் கவுன்சிலர் அல்லது ஊராட்சித் தலைவர் வேலை. பட்டா தாசில்தாரிடம். ரேஷன் அட்டை வட்ட வழங்கல் அலுவலரிடம். இவற்றுக்கெல்லாம் எம்.எல்.ஏ. அலுவலகத்தில் சிபாரிசுக் கடிதம் கேட்டு நிற்பதால் உங்கள் நேரமும் வீணாகிறது, அவர் செய்ய வேண்டிய வேலையும் கெடுகிறது.

அவர் வேலை மூன்று வகை. முதலாவது, சட்டமன்றத்தில் பேசுவது: கேள்வி நேரம், கவன ஈர்ப்பு, மானியக் கோரிக்கை மீதான விவாதம். அரசுப் பள்ளியைத் தரம் உயர்த்துவது, ஆரம்ப சுகாதார நிலையம், மாநில நெடுஞ்சாலை, ஏரி தூர்வாருதல், புதிய வட்டம் ஆகியவை இங்கேதான் கேட்கப்பட வேண்டியவை. இரண்டாவது, ஆண்டுக்கு 3 கோடி ரூபாய் தொகுதி மேம்பாட்டு நிதி. உறுப்பினர் பரிந்துரைப்பார், ஆட்சியர் அனுமதிப்பார். அங்கன்வாடி, ரேஷன் கடைக் கட்டடம், குடிநீர்த் தொட்டி போன்றவை இதில் அடங்கும். மூன்றாவது, பெரிய வேலைகளுக்கு அரசை நெருக்குவது. 2022 ஆகஸ்டில் ஒவ்வொரு எம்.எல்.ஏ.விடமும் தொகுதியின் முக்கியமான பத்துத் தேவைகளைப் பட்டியலிட்டுத் தருமாறு முதலமைச்சர் கடிதம் எழுதினார். அந்தப் பட்டியலில் உங்கள் ஊர் இருந்ததா, நடந்ததா என்று கேளுங்கள்.

மூன்று கோடி எங்கே போனது என்று அறிய, மாவட்ட ஊரக வளர்ச்சி முகமையின் பொதுத் தகவல் அலுவலருக்குத் தகவல் உரிமைச் சட்டத்தில் எழுதுங்கள். 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டினால் போதும். 30 நாளில் பதில் வர வேண்டும். கேள்வி இப்படி இருக்கட்டும்: "… தொகுதியில் … நிதியாண்டில் தொகுதி மேம்பாட்டு நிதியில் அனுமதிக்கப்பட்ட ஒவ்வொரு பணியின் பெயர், இடம், மதிப்பீடு, செலவிட்ட தொகை, முடிந்த தேதி ஆகியவற்றின் நகலைத் தரவும்." "ஏன் செய்யவில்லை" என்று கேட்டால் பதில் வராது; ஆவணத்தைக் கேட்டால் வரும்.

7. பதில் வாங்கும் மனு

ஒரு மனுவில் ஒரே கோரிக்கை. பத்துக் கோரிக்கை உள்ள மனு பத்துத் துறைக்கும் போய் எங்கும் நிற்காது. மாதிரி:

"பொருள்: … ஊராட்சி அரசு உயர்நிலைப் பள்ளியை மேல்நிலைப் பள்ளியாகத் தரம் உயர்த்தக் கோருதல். எங்கள் ஊரில் பத்தாம் வகுப்பு முடிக்கும் மாணவர்கள் … கிலோமீட்டர் தொலைவிலுள்ள … பள்ளிக்குச் செல்கிறார்கள். கடந்த மூன்றாண்டில் பத்தாம் வகுப்பு முடித்தவர்கள் … பேர். படிப்பை நிறுத்தியவர்கள் … பேர். கூடுதல் கட்டடத்துக்குப் பள்ளியை ஒட்டி … சென்ட் நிலம் உள்ளது. கிராம சபைத் தீர்மான நகல் இணைப்பு. பள்ளிக் கல்வித் துறை மானியக் கோரிக்கையின்போது இதைப் பேரவையில் எழுப்புமாறு கேட்டுக்கொள்கிறோம்."

இதில் கெஞ்சல் இல்லை, எண்கள் இருக்கின்றன. அமைச்சரிடம் எம்.எல்.ஏ. கையில் எடுத்துக் காட்டத்தக்க தாள் இதுதான். கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. தீர்மானத்தை மனு கொடுப்பதற்கு முந்தைய கூட்டத்திலேயே நிறைவேற்றி வையுங்கள். மனுவை நிதிநிலை அறிக்கைக்கு முன், ஜனவரிக்குள் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். ஒரு நகலைத் திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர்க்கும் கூட்டத்தில் கொடுங்கள்.

உறுப்பினர் அசையவில்லை என்றால் சட்டமன்றத்தின் மனுக்கள் குழு இருக்கிறது. குழு மாவட்டத்துக்கு வரும் முன் ஆட்சியர் அலுவலகம் வழியாக நாளிதழில் அறிவிப்பு வரும். வழக்கமாகத் தமிழில் ஐந்து பிரதிகள் கேட்பார்கள். பொதுப் பிரச்சினையாக இருக்க வேண்டும், நீதிமன்றத்தில் இருக்கக் கூடாது. அமைச்சர் பேரவையில் "ஆவன செய்யப்படும்" என்று சொல்லிவிட்டு மறந்தால், அதைப் பின்தொடரவே அரசு உறுதிமொழிக் குழு இருக்கிறது. அமைச்சர் சொன்ன தேதியைக் குறித்துக்கொண்டு அந்தக் குழுவுக்கு எழுதுங்கள்.

8. உறுப்பினரே இல்லாவிட்டால்

உறுப்பினர் இறந்தாலும், ராஜினாமா செய்தாலும், தகுதி இழந்தாலும் ஆறு மாதத்துக்குள் இடைத்தேர்தல் நடத்துவது பொதுவிதி. மீதிக் காலம் ஓராண்டுக்குக் குறைவானால் வேண்டியதில்லை. 2017 செப்டம்பரில் 18 எம்.எல்.ஏ.க்கள் தகுதிநீக்கம் செய்யப்பட்டபோது வழக்கு நீண்டு, 2019 ஏப்ரலிலும் மே மாதத்திலும்தான் அந்த 18 தொகுதிகளுக்கும் தேர்தல் நடந்தது. ஒன்றரை ஆண்டுக்கு மேல் லட்சக்கணக்கான மக்களுக்காகப் பேரவையில் எழுந்து நிற்க ஒருவரும் இல்லை. இப்படி நேர்ந்தால் மனுவை ஆட்சியரிடமும் உங்கள் மக்களவை உறுப்பினரிடமும் கொடுங்கள். மனுக்கள் குழுவின் கதவும் அப்போது திறந்தே இருக்கும்.

இந்த வாரமே மூன்று காரியம் செய்யுங்கள். உங்கள் பாகத்தின் பட்டியலைப் படியுங்கள். உங்கள் எம்.எல்.ஏ.வின் படிவம் 26-ஐ எடுத்து வையுங்கள். உங்கள் ஊருக்கு மிகவும் தேவையான ஒன்றே ஒன்றைத் தேர்ந்தெடுத்து, எண்களோடு மனு எழுதி, பத்துப் பேரிடம் கையெழுத்து வாங்குங்கள். கேட்டுக்கொண்டே இருக்கும் ஊரை எந்த எம்.எல்.ஏ.வாலும் மறக்க முடியாது.